குப்பையும் கல்வியும்: வார்தாவிலிருந்து மாஹிம் வரை

குப்பை என்ற தமிழ்ச்சொல்லுக்கு முதற்பொருள் குவியல் என்பதே. நெற்களத்தில் குவித்த நெல்லும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்ல யாரும் கூச்சப்பட்டதில்லை. ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் எருக்குழியைக் காட்டி "குப்பை எத்தனை வண்டி தேறும்?" என்று கேட்டால், சம்சாரிக்கு அது வரவுக் கணக்கு. வள்ளுவரும் உழவு அதிகாரத்தில் ஏர் ஓட்டுவதைவிட எருப் போடுவது மேல் என்று சொல்லி வைத்திருக்கிறார். இந்தச் சொல் நகரத்துக்கு வந்த பிறகுதான் நாற்றமடிக்கத் தொடங்கியது எனலாம்.

மும்பைத் தமிழர்களாகிய நமக்கு இந்த நகரத்துக் குப்பையோடு நெருங்கிய உறவு உண்டு. செம்பூரில் குடியிருப்பவர்கள் தினமும் ஏறி இறங்கும் ரயில் பாதையின் பிறப்பே குப்பையில்தான். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் போட்ட ஒற்றைத் தடம் குப்பை வண்டிகளுக்காகப் போட்டது. பயணிகளை ஏற்றியது 1924இல்தான், பதினெட்டு வருஷம் கழித்து. 1927 முதல் தேவ்னார் நகரத்தின் பெரிய குப்பைமேடாயிற்று. நான் இருக்கும் சுனாபட்டியும் பெயரிலேயே புகையைச் சுமக்கிற ஊர்தான். சுண்ணாம்புக் காளவாய் என்பது அதன் பொருள். நகரம் கட்டுவதற்குச் சுண்ணாம்பு சுட்ட இடமும், நகரம் கழித்ததைக் கொட்டிய இடமும் இந்தக் கிழக்குப் பக்கமே. பிழைக்க வந்த நம்மவர் பலருக்கு வாடகை கட்டுப்படியான இடமும் அதுவாகத்தான் இருந்தது.

இப்போது நம் பேரப்பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே 'ஓலா கச்சரா, சுக்கா கச்சரா' என்று பிரித்துச் சொல்கிறார்கள். தொட்டியில் காய்கறித் தோல் போட்டு உரம் செய்கிறார்கள். பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்து, சல்லடையில் வடித்துப் புதுத் தாள் காயவைக்கிறார்கள். பெற்றோர் பலர் இதை ஏதோ வெளிநாட்டுப் பள்ளிகளைப் பார்த்துச் செய்யும் புதுமை என்று நினைக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் சமீபத்தியதுதான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003 டிசம்பரில் மறுபடியும் அழுத்திச் சொன்னது. வீட்டுக் குப்பையை ஈரம், உலர்ந்தது, தீங்கானது என மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்ற விதி 2016இல் வந்தது. ஆனால் குழந்தை தன் கையால் உரம் செய்து பாடம் படிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் வயது தொண்ணூறுக்குக் கிட்ட ஆகிறது. அதில் இரண்டு தமிழர்களின் பங்கும் உண்டு.

முதலில் உரத்தின் கதை. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலார் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி செய்தார். இலைதழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, காற்றுப் படும்படி புரட்டிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் நல்ல எரு கிடைக்கும் என்று கணக்கோடு காட்டினார். இந்தூர் முறை என்று உலகமெல்லாம் பெயர் பெற்றது அதுவே. தம் உதவியாளர் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். நம் குடியானவர்களிடமிருந்தும் கீழை நாட்டு விவசாயிகளிடமிருந்தும் கற்றதைத்தான் ஒழுங்குபடுத்தினேன் என்பதை அவர் மறைக்கவில்லை.

அடுத்தது வார்தா. 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் காந்தியடிகள் அங்கே கல்வி மாநாடு கூட்டினார். ஏழு முதல் பதினான்கு வயது வரை கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் என்பது அவர் கருத்து. இதைப் பாடத்திட்டமாக எழுத ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுவைக் கூட்டும் பொறுப்பில் இருந்தவர் ஈ.டபிள்யூ. ஆரியநாயகம், இலங்கைத் தமிழர். முன்பு தாகூரிடம் செயலாளராக இருந்தவர். அவர் மனைவி ஆஷாதேவி வங்காளி. இருவரும் சேவாகிராமத்திலேயே தங்கி இந்தக் கல்வியை நடத்தினார்கள். குழுவில் இன்னொரு தமிழர் ஜே.சி. குமரப்பா, தஞ்சாவூரில் 1892இல் பிறந்தவர்.

குமரப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் அதிகமாகச் சொல்ல ஆசை. அவர் நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம். காந்தியிடம் போவதற்கு முன் பம்பாயில் கணக்குத் தணிக்கைத் தொழில் நடத்தியவர். லண்டனில் படித்து, கோட்டு சூட்டுடன் கம்பெனிக் கணக்கு பார்த்த மனிதர், பிறகு வார்தா மகன்வாடியில் உட்கார்ந்து கிராமத்தின் கணக்கைப் பார்த்தார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காத பொருளாதாரம் முதலைத் தின்று லாபம் என்று காட்டும் கணக்கு என்பது அவர் வாதத்தின் சாரம். என்னைப் போல நாற்பது வருஷம் பேரேடு எழுதியவனுக்கு இது உடனே புரிகிறது. வட்டியில் சாப்பிடுகிறவன் ஒரு ரகம், முதலில் கை வைக்கிறவன் இன்னொரு ரகம். குப்பையைக் கடலோரத்தில் கொட்டிவிட்டு யூரியா மூட்டை வாங்குகிற நகரம் இரண்டாவது ரகம்.

சேவாகிராமப் பள்ளியில் நூற்பு மட்டும்தான் நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கூட்டுவது, கழிப்பிடம் சுத்தம் செய்வது, கழிவை மண்போட்டு மூடி உரமாக்குவது, அந்த உரத்தில் காய்கறித் தோட்டம் போடுவது, விளைந்ததைச் சமைப்பது, எல்லாமே பாடம். எடை போடும்போது கணக்கு வந்தது, ஈக்களைப் பற்றிப் பேசும்போது சுகாதாரம் வந்தது. முக்கியமானது ஒன்று: எந்தச் சாதிப் பிள்ளையானாலும் முறை வந்தால் வாளியைத் தூக்க வேண்டும், ஆசிரியரும் தூக்க வேண்டும். அந்தக் காலத்துல இது சின்ன விஷயமில்லை.

எதிர்ப்பும் இருந்தது. பம்பாய்ப் பொருளாதாரப் பேராசிரியர் கே.டி. ஷா, பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டுவது என்ற பகுதியை ஏற்கவில்லை. அவர் பயம் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். விற்பனை முக்கியமாகிவிட்டால் வகுப்பறை பட்டறையாகிவிடும்.

தமிழ்நாட்டில் அவினாசிலிங்கம் செட்டியார் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரக் கல்விக்கு ஆதரவு கிடைத்தது. திண்டுக்கல் அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பிறகு வந்தது 1953. முதலமைச்சர் ராஜாஜி, கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். கேட்பதற்கு வார்தாவைப் போலவே இருந்தது. ஆனால் வீட்டுத் தொழில் என்றால் என்ன? வண்ணான் மகன் வெளுப்பான், தோட்டி மகன் அள்ளுவான். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். அந்தப் பெயரே நிலைத்தது. 1954 ஏப்ரலில் காமராஜ் முதல்வரானார், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. வார்தாவில் எல்லாப் பிள்ளையும் ஒரே வேலையைப் பள்ளியில், ஆசிரியரோடு சேர்ந்து செய்தது. 1953இல் அவனவன் அப்பன் வேலைக்கு அனுப்பப்பட்டான். கையில் படும் மண் ஒன்றுதான். யார் கையில், யார் சொல்லி என்பதில்தான் வித்தியாசம். ஆனாலும் அந்தச் சண்டைக்குப் பிறகு தமிழர் மனத்தில் ஒரு காயம் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கைவேலை என்றாலே சந்தேகம். பேனா பிடித்த கைதான் தப்பித்த கை.

இந்தச் சந்தேகம் ரயிலேறி இங்கேயும் வந்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் தாராவிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உரத்தொட்டி வைத்தபோது, ஒரு தாய் வந்து கேட்டாள்: "நான்தான் கச்சரா பொறுக்கறேன், எம் பொண்ணையும் அதுக்குத்தானா இங்க அனுப்புனேன்?" அந்தக் கேள்விக்கு அங்கே இருந்த பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. நல்ல சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை உரம் செய்தால் அதற்குப் பெயர் புராஜெக்ட், மார்க் உண்டு, போட்டோ உண்டு. அந்தப் பெண் செய்தால் அது விதி. அவள் கோபத்தில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

அதே தாராவியின் ஓரத்தில்தான் இதற்கு விடைபோல ஓர் இடம் இருக்கிறது. பஸ் டெப்போவுக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர். 1977 வரை அது குப்பைமேடு. உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளையைச் சேர்ந்தவர்கள் இங்கே குழந்தைகளுக்காக ஓர் இயற்கைப் பூங்கா வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். 1983இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் மரக்கன்றை நட்டார். குப்பையின் மேலேயே மண்ணைப் பரப்பி மரம் வைத்தார்கள். 1994 ஏப்ரல் 22 அன்று மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. சாலிம் அலி அதைப் பார்க்க இல்லை, 1987லேயே காலமாகிவிட்டார். இன்று அங்கே காடு போல நிழல். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பட்டாம்பூச்சி பார்க்கிறார்கள், உரம் செய்வதைக் கற்கிறார்கள். சயானிலிருந்து பாந்த்ரா போகும் பஸ்ஸில் நம்மில் எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போயிருப்போம், இறங்கியிருக்க மாட்டோம். உலகத்தில் குப்பைமேட்டைக் காடாக்கிக் காட்டிய ஊர்கள் குறைவு. அதில் ஒன்று நம் வாசலில் இருக்கிறது.

அந்த வாசலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பாடத்தையும் சொல்ல வேண்டும். தாராவியின் பதிமூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கும் தொழிலாளி ஒரு துண்டைக் கையில் வளைத்துப் பார்ப்பார், தட்டிச் சத்தம் கேட்பார், ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்த்து இது இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1, 2 என்று எண் போடும் வழக்கம் அமெரிக்காவில் 1988இல்தான் வந்தது. எண்ணில்லாமலே ரகம் பிரிக்கும் அறிவு இது. (கொளுத்தி மோப்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே கூடாது, அந்தப் புகை நஞ்சு, தொழிலாளிகளின் நெஞ்சுதான் அதற்குச் சாட்சி.) எங்கள் பாத்திரக் கடைகளிலும் இந்தப் படிப்பு நடந்தது. குஜராத்திலிருந்து வந்த வாகரிப் பெண்கள் மொத்தமாக எவர்சில்வர் வாங்கிப் போய், வீடு வீடாகப் பழந்துணிக்கு மாற்றுவார்கள். சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே அதற்கு டப்பாவா, குடமா என்று முடிவு செய்வார்கள். ஊரில் 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவனும் இந்த வம்சம்தான். மறுசுழற்சி என்ற சொல் வருவதற்கு முன்பே காரியம் நடந்தது.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில் இது. உரத்தொட்டி வைப்பதானால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பெரிய பள்ளிகளில் முதலில் வையுங்கள். அந்தப் பிள்ளைகளின் கை முதலில் மண்ணாகட்டும். தாராவிப் பள்ளியில் வைக்கும்போது அந்தத் தாயை வாசலில் நிறுத்தாமல், ஒரு நாள் உள்ளே அழைத்துப் பிளாஸ்டிக் ரகங்களைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அவள் மகள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள்.

என் சமண உறவினர்கள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள்: உரக்குழியில் புழுக்கள் சாகுமே, பாவமில்லையா? தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிக்கிறது. எங்கள் தத்துவ நூலும் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று புலன்களை ஒவ்வொன்றாகக் கூட்டுகிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உயிரியல் பாடம் எங்கே கிடைக்கும்? குழியை மண்வெட்டியால் கொத்தாமல் இலை அடுக்கிக் காற்றோட்டமாக விட்டுவிட்டால் புழு தன் வேலையைப் பார்க்கும். கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் உணவை அடைத்துத் தேவ்னாருக்கு அனுப்புவதில் சாகிற உயிர்கள் இதைவிட அதிகம். 2016 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்து நகரமே புகையில் மூழ்கியபோது சுற்றுவட்டாரப் பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. குப்பைக்குள் அடைபட்டு மக்கிய பொருள் உண்டாக்கும் மீத்தேன் வாயு அத்தகைய தீக்கு எண்ணெய் வார்ப்பது.

2024இல் அந்தத் தேவ்னார் நிலத்தில் ஒரு பெரும் பகுதியைத் தாராவி மறுசீரமைப்பில் மறுகுடியமர்த்தலுக்கு ஒதுக்க மாநில அரசு முடிவு செய்தது. இயற்கைப் பூங்கா மறுசீரமைப்பில் சேராது என்று 2023இல் உயர்நீதிமன்றத்தில் அரசு கூறியிருப்பது ஆறுதல். பூங்காவின் மரங்களுக்குக் கிடைத்த அந்த உறுதி பதிமூன்றாம் காம்பவுண்டுக்காரர்களுக்கும் கிடைக்க வேண்டாமா? குப்பை பிரித்தவர் குப்பைமேட்டுக்கே குடிபோவதென்றால், அவர் பிள்ளை அங்கே எந்தப் பள்ளியில் என்ன படிக்கும் என்பதை நம் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

உரத்தொட்டி வைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூனில் பள்ளி திறக்கும்போது மழையும் வந்துவிடும், காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடைக்காது. ஈரக் குப்பை மட்டும் போட்டால் நாறும், மறுநாளே கட்டிடக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மார்ச்சிலேயே இலை சேர்த்துச் சாக்கில் கட்டி வையுங்கள். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு இலை. சாக்கு வேண்டுமானால் சுனாபட்டியில் எங்கள் கடையில் பத்திருபது எப்போதும் கிடக்கும், காசு வேண்டாம்.