பழைய ஆட்டமும் புதிய ஆட்டமும்

வீடியோ விளையாட்டு என்றால் அந்நாளையதே சிறந்தது என்று நாற்பது வயதைக் கடந்தோர் ஏங்கக் கேட்டிருப்பீர்கள். அது கழிந்துபோன இளமையை எண்ணும் ஏக்கம் மட்டுந்தானா? வரலாறு கற்பித்த ஆசிரியனாகிய நான் அதனைச் சான்று கொண்டு ஆராய விரும்புகிறேன்.

1985ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. ஷிகேரு மியாமோட்டோவின் குழுவினர் அதனை 40 கிலோபைட் அளவுக்குள் அடக்கினர். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதனினும் பன்மடங்கு பெரிது. இடம் போதாமையால், வானத்து மேகத்தின் உருவத்தையே பச்சை நிறமாக்கித் தரையிலே புதராக நிறுத்தினர். இது வறுமை கற்பித்த சிக்கனம்.

புதிய ஆட்டங்களுள் சில 100 ஜிகாபைட்டையும் விஞ்சுகின்றன. கடல் கடந்து வாழும் நண்பரோடு ஒரே களத்தில் ஆடலாம். இது மெய்யான வளர்ச்சியே.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. மரியோவைத் தாங்கிய கேட்ரிட்ஜ் பழுதுறாதிருப்பின், உரிய கருவியிற் செருகி இன்றும் ஆடலாம். 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய ஆட்டமோ இணையத் தொடர்பின்றி இயங்காது. 2024 மார்ச் இறுதியில் அந்நிறுவனம் அதற்குரிய சர்வர்களை நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியோரும் ஆட இயலாதவராயினர். மூத்தது வாழ்கிறது, இளையது பத்தாண்டில் மறைந்தது.

கல்வெட்டும் நாணயமும் போல விளையாட்டும் ஒரு காலத்தின் சான்றாகும். பழையதா புதியதா உயர்ந்தது என்னும் வழக்கைத் தீர்க்க வேண்டுமாயின், இரண்டும் எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ? இன்று நீங்கள் ஆடும் ஆட்டத்தை நாளை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட இயலுமா என்று இப்போதே கேளுங்கள்.