விரல் பழகிய வழி



செமிலிங் வட்டாரத்தில் நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளிக்கு ஒரு நாள் பாட்டி ஒருவர் கைப்பேசியோடு வந்தார். பினாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருக்கும் பேரன் செய்தி அனுப்பியிருந்தான். “வாத்தியாரே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார். அந்தப் பாட்டி தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். நாளிதழைத் தடையின்றி வாசிப்பவர். பேரன் எழுதியதும் தமிழ்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான்.

முற்காலத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தால், லயத்து மக்கள் வாத்தியாரையோ கிராணியையோ தேடிப் போவார்கள். அவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். இந்தப் பாட்டியோ எழுத்தறிந்தவர். அவருக்கு ஏன் இந்த நிலை? அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

மனிதன் கருவியைச் செய்கிறான். பிறகு கருவி மனிதனைப் பழக்குகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 247 எழுத்துகளும் ஒரு சிறு பொறிக்குள் அடங்க வேண்டியிருந்தது. கையால் எழுதும்போது ‘க’ எழுதிய பின் புள்ளி வைக்கிறோம். தட்டச்சிலோ முதலில் புள்ளி, பிறகு ‘க’. விரல்கள் அதற்குப் பழகின. கணினி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பழைய தட்டச்சு முறையையே கணினிக்குள்ளும் வைக்க வேண்டியதாயிற்று.

கைப்பேசியிலும் இதுவே நடந்தது. முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பரில் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் போன்ற மொழிகளுக்கு இடம் கிடைத்தபோது கொண்டதோ 70 குறிகளே. அதிலும் ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு குறிகள் செலவாகும். செய்திக்குச் செய்தி காசு. அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழே இல்லை. ஆகவே நம் இளைஞர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அது குற்றமன்று, இருந்த வழி அதுதான்.

அந்த நிலையை மாற்ற உழைத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டவரே. கணினியில் தமிழுக்காக ‘முரசு’ செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறன், 2005-ஆம் ஆண்டு பொங்கலன்று ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியிலும் தமிழ் எழுத்தைக் கொண்டுவந்தார். 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. இன்று வாட்ஸ்அப்பில் எழுத்தை எண்ணிக் காசு கேட்பாரில்லை. தடை நீங்கிவிட்டது, பழக்கம் நீங்கவில்லை.

இதனால் இழப்பது என்ன? ஆங்கில எழுத்தில் ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒன்றே, ‘கறி’யும் ‘கரி’யும் ஒன்றே. வகுப்பில் பிள்ளைகள் ல, ள தடுமாறுவதற்குக் கைப்பேசி மட்டும் காரணமன்று. ஆயினும் எழுதாத எழுத்து மறந்துபோகும் அல்லவா?

அன்று பாட்டியின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து கொடுத்தோம். “தமிழ் எழுத்தில் எழுது, ஐயா” என்று அவரே தட்டித் தட்டி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. இரண்டு வரியில் மூன்று எழுத்துப் பிழை. பாட்டி அதை யாரையும் கேட்காமல் தாமே படித்தார். நமக்கும் படித்துக் காட்டினார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அடுத்த செய்தியைத் தமிழ் எழுத்தில் அனுப்பிப் பாருங்கள். பிழை வந்தால் வரட்டும், திருத்திக்கொள்ளலாம்.