நின்றுபோன பிரிண்டரும் அதன் பழைய கதையும்

எதிர்வீட்டு அக்காவுக்கு 86 வயது. அவருடைய கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் புதுச்சேரி வழக்கில் 'சொல்தா'. அவர் காலமான பின் அக்காவுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. அதற்கு 'செர்த்திபிகா த வீ' என்னும் உயிர்வாழ் சான்றைக் கெடுவுக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் தெருவில் உள்ள இந்த வகைக் காகிதங்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

போன மாதம் அக்காவின் பேரன் படிவத்தை ஈமெயிலில் அனுப்பியிருந்தான். கெடுவுக்கு அதிக நாள் இல்லை. என்னிடம் இருப்பது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். பிரிண்டர் அடுத்த அறையில், வைஃபையில் வேலை செய்வது. அச்சிடச் சொல்லி அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "வராதா தம்பி?" என்றார். மூன்றாம் முறை, நான்காம் முறை. பலன் இல்லை. "நாளைக்கு வாங்கக்கா" என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அலுவலகத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களிடம் எத்தனை முறை இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன், காரணம் சொல்லாமல்!

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிரிண்டர் எங்கே சிக்கியது என்று தேடப்போய், அந்த ஏற்பாட்டின் பூர்வீகத்தையே படித்து முடித்தேன்.

லினக்ஸுக்கு முன்னோடி யுனிக்ஸ். அது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அங்கே அதை முதலில் நம்பி வேலை செய்தவர்களில் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை, காப்புரிமைப் பிரிவின் தட்டச்சர்களும் இருந்தார்கள். 1971-இன் பிற்பாதியில் மூன்று தட்டச்சர்கள் நாள் முழுக்க அதில் விண்ணப்பங்களைத் தயாரித்தார்கள். காப்புரிமை விண்ணப்பத்தில் வரிக்கு வரி எண் போட வேண்டும். கடையில் கிடைத்த இயந்திரத்துக்கு அது வரவில்லை, யுனிக்ஸில் எழுதிய நிரலுக்கு வந்தது. எங்கள் ஜாதிக்காரர்கள்தான் அதற்குச் சோறு போட்டார்கள் என்று எனக்கு ஒரு சிறு பெருமை. ஜாதி என்றது குமாஸ்தா ஜாதியை.

அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்களில் வரிவரியாக அடிக்கும் 'லைன் பிரிண்டர்' ஒன்றை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். லினக்ஸில் அச்சு சம்பந்தப்பட்ட கட்டளைகள் பலவும் இன்றுவரை 'எல்பி' என்று தொடங்குவது அதனால்தான். ஒரு பிரிண்டர், பல பேர் என்றால் வரிசை வேண்டும். ஆங்கிலத்தில் 'க்யூ' என்பது பிரெஞ்சில் வால். பள்ளியில் எங்களை வரிசையில் நிற்கச் சொன்னபோதெல்லாம் வாலாகத்தான் நின்றோம்.

பெர்க்லி பல்கலைக்கழகத்து யுனிக்ஸில் இந்த வரிசையைக் காத்த நிரலுக்கு 'எல்பிடி' என்று பெயர். 1990-இல் அதன் நடைமுறையை எழுதி வெளியிட்டார்கள். அச்சிட வேண்டிய தாள் ஒரு கோப்பு. அனுப்பியவர் யார், எந்த இயந்திரம், வேலையின் பெயர் என்ன என்று எழுதிய சீட்டு இன்னொரு கோப்பு. இரண்டும் சேர்ந்தே நகரும். எங்கள் அலுவலகத்தில் தபாலோடு குறிப்புத் தாளைச் சேர்த்துக் கட்டி அனுப்புவோமே, அதுவேதான். ஆனால் அதன் குறை என்னவென்றால், பிரிண்டர் பக்கம் என்ன நடக்கிறது என்பதைத் திருப்பிச் சொல்ல அதற்கு ஒழுங்கான மொழி இல்லை.

அப்படிச் சொல்லாமல் போனதால் ஒரு பெரிய சங்கதியே நடந்திருக்கிறது. மாசசூசெட்ஸில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தார். பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால், காத்திருக்கும் எல்லோருக்கும் செய்தி போகும்படி அதன் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்வார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் வந்தது. அதன் மூல நிரலைத் தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். அந்தக் கோபம் ஸ்டால்மனுக்கு ஆறவே இல்லை. 1983 செப்டம்பரில் அவர் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் க்னூ நிரல்களும் சேர்ந்ததுதான் இன்று என் மேஜையில் ஓடுவது. ஒரு பிரிண்டர் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரே பல மேடைகளில் சொல்லும் கதை இது.

இன்று லினக்ஸில் அச்சுக்குப் பொறுப்பு 'கப்ஸ்'. மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் தொடங்கி 1999-இல் வெளியிட்டார். முதலில் எல்பிடியை வைத்தே செய்யப் பார்த்து, அதன் குறைகளால் 'ஐபிபி' என்ற புது நடைமுறைக்கு மாறினார். 2002-இல் ஆப்பிள் அதைத் தன் கம்ப்யூட்டர்களில் சேர்த்தது. 2007-இல் ஸ்வீட்டை வேலைக்கு எடுத்து நிரலையும் வாங்கிக்கொண்டது. 2019-இல் அவர் அங்கிருந்து விலகினார். ஐபிபியில் பிரிண்டர் நின்றால் காரணத்தையும் சொல்ல வழி உண்டு: தாள் தீர்ந்தது, தாள் சிக்கியது, மை குறைகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல்.

அப்படியானால் என் பிரிண்டர் ஏன் சொல்லவில்லை? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பிரௌசரில் கப்ஸின் பக்கத்தைத் திறந்தேன். லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டு 631 என்ற எண்ணைச் சேர்த்தால் வரும். வரிசை 'நிறுத்திவைக்கப்பட்டது' என்றிருந்தது. அதாவது அது சொல்லித்தான் இருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. கப்ஸின் பதிவேட்டைப் புரட்டினேன். 192.168.1.5 என்ற முகவரியில் யாரும் பதில் தரவில்லை என்று வரிக்கு வரி எழுதியிருந்தது. பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்த விவரத் தாளை எடுத்தேன். தாள் நன்றாகவே வந்தது. அதில் முகவரி 192.168.1.9. முந்தின நாள் கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் பிரிண்டருக்குப் புது முகவரி கொடுத்துவிட்டது. கப்ஸோ, வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் தபால் போட்டுக்கொண்டிருந்தது.

முகவரியை மாற்றினேன். ரூட்டரிலும் 9 என்ற எண்ணை பிரிண்டருக்கே நிரந்தரமாக ஒதுக்கினேன். காலையில் அக்கா வந்து உட்கார்ந்த பிறகு, நின்ற வரிசையைத் தொடரச் சொல்லி அழுத்தினேன். அடுத்த அறையில் சத்தம் கேட்டது. முந்தின நாள் நான் அழுத்திய நான்கும் வரிசையில் அப்படியே காத்திருந்திருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு படிவங்கள் வந்து விழுந்தன.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நான்கையும் எண்ணினார்.

"நான் உயிரோட இருக்கேன்னு நாலு தடவை சொல்லணுமா தம்பி?"

ஒன்றில் மட்டும் பெயரை நிரப்பி அவர் கையில் கொடுத்தேன்.