எம்டன் மூழ்கடித்த படங்கள்

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்ட கதையை நம் தாத்தாக்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதே கப்பல் அடுத்த மாதம், 1914 அக்டோபரில், மினிக்காய் தீவுப் பக்கம் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த ஒரு நகர்த் திட்டக் கண்காட்சி அதோடு கடலுக்குள் போனது. நகர்த் திட்டச் சிந்தனையாளர் பேட்ரிக் கெடிஸ் பல வருடம் சேர்த்த ஊர்ப்படங்கள், திட்ட வரைவுகள், புகைப்படங்கள் எல்லாம் போயின.

கெடிஸ் படித்தது உயிரியல். செடியைப் பார்ப்பதுபோலவே ஊரையும், அது வேர்விட்ட மண்ணோடு சேர்த்துப் பார்த்தார். 1892இல் எடின்பரோவில் ஒரு பழைய கோபுரத்தை வாங்கினார். உச்சியில் ஏறி நகரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒவ்வொரு மாடியாக இறங்க வேண்டும். முதலில் நகரம், பிறகு நாடு, கடைசியில் உலகம். அங்கே உருவான சிந்தனையிலிருந்து வந்ததுதான் அவருடைய பள்ளத்தாக்குப் படம். மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றை நெடுக வெட்டிக் காட்டும் ஒரே கோடு அது. மேலே சுரங்கத் தொழிலாளியும் மரம்வெட்டியும், நடுவில் இடையரும் உழவரும், கடலோரத்தில் மீனவர். கோடு சரியும் வழியில் ஊர்கள். வரையத் தெரியாத பிள்ளையும் இதை வரைந்துவிடும்.

கண்காட்சி 1911இல் லண்டன், எடின்பரோ, டப்ளின் என்று சுற்றி, 1913இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பரிசும் வாங்கியது. மூழ்கிய பிறகு பிரிட்டனிலிருந்த நண்பர்கள் மறுபடி படம் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னை செனட் மண்டபத்தில் அது திறக்கப்பட்டது. அழைத்தவர் ஆளுநர் பென்ட்லாண்ட். கெடிஸ் மண்டபத்தோடு நிற்கவில்லை. மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று தெருத்தெருவாக நடந்தார். நடக்காமல் திட்டம் போடாதே என்பதுதான் அவருடைய பாடம். கண்காட்சிப் பெட்டிகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போயின. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகர்த் திட்டச் சட்டம் வந்தது. அதோடு ஊர்ப்படம் அலுவலக பீரோவுக்குள் போய்விட்டது என்பது என் மனத்தாங்கல்.

அந்த ஊர்ப்படம் வெளியே எட்டிப் பார்த்த ஓர் இடம் ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1970களில் நகர்த் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் யுனெஸ்கோவுக்காக நடத்திய ‘நகரங்களில் வளர்தல்’ ஆய்வை 1990களில் லூயிஸ் சாவ்லா புதுப்பித்தார். பெங்களூரின் சத்யநகர் குடிசைப் பகுதியிலும் அது நடந்தது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளைத் தங்கள் பகுதியை வரையச் சொன்னார்கள், கூட நடந்து காட்டச் சொன்னார்கள். வசதியான நாடுகளின் பிள்ளைகள் பலரைவிட இவர்கள் தங்கள் இடத்தை நேசித்தார்கள். தெருவில் விளையாட்டு இருந்தது, பேச ஆள் இருந்தது. குறை எது என்பதும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இனி ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணையில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் கலந்து வருகிறது. மதகு திறந்தால் நுரை மலைபோல் எழும்பி, காற்றில் பறந்து வயலில் விழுகிறது. ஓசூரில் பள்ளிவிட்ட பிறகு ஒரு மணிநேரம் நகர்த் திட்டம் சொல்லித்தர யாராவது முன்வந்தால், அட்டையில் மாதிரி நகரம் கட்டவிட வேண்டாம். அணைக்கட்டில் தொடங்கலாம். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் நந்தி மலையிலிருந்து கடலூர்வரை கோடு போடட்டும். சிப்காட் தொழிற்பேட்டை எங்கே, தன் வீட்டுச் சாக்கடை எந்த ஓடையில் சேர்கிறது, நுரை எங்கிருந்து வருகிறது என்று அதன்மேல் குறிக்கட்டும். மாநகராட்சியின் திட்ட வரைபடம் மாநில எல்லையில் முடிந்துவிடும். இந்தக் கோடு எல்லையைக் கேட்காது. அப்போது ஒரு பெண் பிள்ளை, பெங்களூருக்கு யார் சார் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்பாள். ஆசிரியர் அதற்குப் பதில் தயார்செய்துகொண்டு போவது நல்லது. ஓசூர்க் கழிவு கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறதே, நமக்கு யார் எழுதுவார்கள் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும்.