கிணறும் சிரங்கும்

தொண்டைமானாற்று முகத்துவாரத்திலே கடல்நீர் உட்புகாவண்ணம் அமைந்த தடுப்பணை, யாழ்ப்பாணத்தார்க்கு நன்னீர் எத்துணை அரியது என்பதற்குச் சான்றாகும். வற்றாத ஆறெதுவும் பாயாத குடாநாட்டில் கிணறே வாழ்வுக்கு ஆதாரம். ஆயின் அதில் நீரள்ளும் உரிமை நெடுங்காலம் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் பிறர் அள்ளி ஊற்றும் நீருக்காகக் குடத்துடன் காத்துநின்றனர். சொந்தக் காணியின்றி, நெருக்கமான ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தோர் அவருட் பலர்.

இவ்விரு குறைகளும் முதலில் தாக்குவது குழந்தைகளின் தோலையே. நெருங்கிப் படுக்குமிடத்தில் சொறிப்பூச்சி உடல்விட்டு உடல் தொற்றுகிறது. சொறிந்த புண்ணிற் கிருமி புகுந்து சிரங்காகிறது. கழுவ நீரின்றேல் பரவுகிறது. சிலவேளை சிறுநீரகத்தையும் பழுதாக்குகிறது. அவுஸ்திரேலிய ஆதிக்குடிச் சிறாரிடையேயும் வீட்டு நெருக்கடியே இந்நோயை வளர்ப்பதாக மருத்துவர் கண்டுள்ளனர். ஈண்டோ, நீரை மறுத்த சமூகமே அம்மக்களைத் துப்புரவற்றோர் எனவும் பழித்தது.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் உரிமை மறுப்பதைக் குற்றமாக்கியது. எனினும் 1960களின் பிற்பகுதியிலும் தேநீர்க்கடையிலும் கோயிலிலும் நுழைவதற்குப் போராட வேண்டியிருந்தது. 1990இல் நீரேரிக்கு மேற்கே வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோர் முகாம்களில் நெடுங்காலம் நெருக்கடியில் வாழ நேர்ந்தது. மருந்து சிரங்கை ஆற்றும். அது மீளாது காப்பன காணியும் வீடும் கிணறுமே.