வார்ம்-அப்புக்கும் ஒரு வரலாறு உண்டு



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் பக்கமெல்லாம் மாலையானால் மொட்டை மாடியிலும் மைதானத்திலும் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் கராத்தே கற்கிறார்கள். "முதல்ல வெறும் வார்ம்-அப் தானே சார், கொஞ்சம் லேட்டா விட்டா என்ன?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு.

கராத்தே ஓகினாவா தீவில் வளர்ந்த கலை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு குரு, சில சீடர்கள் என்று வெளியே தெரியாமல்தான் கற்பித்தார்கள். 1901இல் அங்கோ இதோசு அதை ஷூரியில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1922இல் டோக்கியோவில் அதைச் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனகோஷியும் யார் தெரியுமா? பள்ளி ஆசிரியர்!

கலை வகுப்பறைக்கு வந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாற்பது பிள்ளைகளை எழுப்பி, உடனே காலைத் தூக்கி உதைக்கச் சொல்லலாமா? இதற்கு ஒழுங்கான விடை தந்தவர் கோஜு-ரியூ பிரிவை நிறுவிய சோஜுன் மியாகி (1888-1953). 1934இல் எழுதிய கட்டுரையில் பயிற்சிகளை வகைப்படுத்தியபோது, தயாரிப்புப் பயிற்சிக்குத் தனி இடம் கொடுத்தார். அதன் பெயர் 'ஜுன்பி உண்டோ'.

அதன் வரிசையைப் பாருங்கள்: கால் விரல், கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் கழுத்து. கீழிருந்து மேலே, மெதுவில் தொடங்கி வேகத்துக்கு, மூச்சோடு சேர்ந்து. கால் விரலை மடக்கிப் பழகுவது ஏன்? முன் உதையில் விரல்களை மேலே மடக்கி, பாதத்தின் முன்பகுதியால்தான் தாக்க வேண்டும். ஆக, வார்ம்-அப் என்பதே அன்றைய பாடத்தின் முதல் பக்கம்.

இன்றைய விளையாட்டு அறிவியலும் இதையொட்டியே பேசுகிறது. முதலில் உடல் சூடேற வேண்டும். குளிர்ந்த தசையை இழுத்து நீட்டினால் பிடித்துக்கொள்ளும். ஒரே நிலையில் நெடுநேரம் நீட்டி நிற்பதைப் பயிற்சியின் முடிவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

'இதெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கற்றுக்கொடுத்தது' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபின் இன்னும் அதிகம். அவர் பெயரில் வழங்கும் 'யிஜின் ஜிங்' என்ற பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. போதிதர்மர் காலமோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது. ஆதாரமில்லாததைப் பிள்ளைகளுக்கு வரலாறு என்று சொல்லக்கூடாது. நமக்குப் பெருமைக்கா பஞ்சம்? தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம் எல்லாம் நம்மிடம் இருக்கின்றனவே!

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் பத்து நிமிடம் முன்னதாகவே கொண்டுபோய் விடுங்கள். தாமதமாக வந்தால் நேராக வரிசையில் போய் நிற்காமல், ஓரமாக நின்று கால் விரலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பதினைந்து வயதில் காப்பாற்றிய முழங்கால் அறுபதிலும் நடக்க வைக்கும்.