உவர்க் கிணறும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும்



ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையைக் கொண்டும், அவற்றைப் பிறர் எடுத்தாண்ட தடவைகளைக் கொண்டும் மதிப்பிடுவது இக்கால வழக்கம். அக்கணக்கு பயனற்றதன்று. ஆயினும், நெடுங்காலம் நிலைத்துவிட்ட கருத்தொன்றை ஒரு கட்டுரை திருத்துமாயின், அதன் பெறுமதி அக்கணக்கினுள் அடங்குவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுடன் தொடர்புடைய அத்தகைய கட்டுரை ஒன்றின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

நோயெதிர்ப்பு ஆற்றலை ஆராயும் துறையை நிர்ப்பீடனவியல் என்பர். அத்துறை அறிஞர் ரஞ்சன் ராமசாமி கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தவர். 1974 ஆம் ஆண்டில் அவரும் மன்றோ, மில்ஸ்டைன் என்போரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மில்ஸ்டைன் 1984 இல் நோபல் பரிசு பெற்றார். கிருமிகளை எதிர்க்க நம் உடல் ஆக்கும் பிறபொருளெதிரியின் தண்டுப் பகுதியைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் சில குருதிக் கலங்களில் உள. அவற்றின் தொழில் பற்றியதே அக்கட்டுரை. பின்னர் அவர் இலங்கையில் மலேரியா ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

இத்துறைக்கும் டெங்குக் காய்ச்சலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. டெங்கு வைரசு நான்கு வகைப்படும். ஒரு வகையால் நோயுற்றவரை வேறொரு வகை தாக்கும்போது, முன்னர் உண்டான பிறபொருளெதிரிகளே வைரசைக் கலங்களினுள் புகுத்தும் வாயிலாக மாறிவிடலாம். இதற்கு உதவுவன மேற்கூறியவை போன்ற வாங்கிகளே. 2015 இல் முதன்முதலாக உரிமம் பெற்ற டெங்குத் தடுப்பூசி, முன்பு அந்நோய் காணாதவர்க்குப் பின்னர் வரும் நோயைக் கடுமையாக்கக்கூடும் என்பது 2017 இல் தெளிவாயிற்று. அதே ஆண்டில் இலங்கையில் 1,80,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஆகவே, நுளம்பை ஒழிப்பதே முதன்மையான காப்பாக இருந்து வந்துள்ளது.

எந்த நீரில் நுளம்பைத் தேடுவது? டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரிலேயே முட்டையிடும் என்பது நூற்றாண்டுக் கால நம்பிக்கை. ஹவானாவிலும் பனாமாவிலும் மஞ்சட் காய்ச்சலை ஒழித்தவர்கள், வீட்டு நீர்த்தொட்டிகளையும் பீப்பாய்களையும் மூடி வெற்றி கண்டனர். அவ்வெற்றி அந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. உவர்நீரை எவரும் பொருட்படுத்தவில்லை.

யாழ்ப்பாணமோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லா நிலம். சுண்ணக்கல்லினூடே இறங்கும் மழைநீர், கீழுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். அதனாற் கைவிடப்பட்ட கிணறுகள் பல. ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியலாளர் சுரேந்திரனும் பிறரும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய கரையோரங்களில் இத்தகைய நீர்நிலைகளை ஆராய்ந்து, 2011 இல் தம் முடிவை வெளியிட்டனர். பாவனையற்ற கிணறுகளிலும், எறிந்த புட்டிகளிலும், கைவிட்ட மீன்பிடித் தோணிகளிலும், லீற்றருக்கு 2 முதல் 15 கிராம் வரை உப்புள்ள நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வாழ்ந்தன. கடல்நீரின் உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்பதை நினைவிற் கொள்க.

யாழ் நகரில் அத்தகைய நீர்நிலைகளுக்கு அண்மையில் டெங்கு மிகுந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். எனினும், அண்மையில் இருத்தல் ஒன்றே காரணத்துக்குச் சான்றாகாது. எனவே, உவர்நீர் நுளம்புகள் நோயைப் பரப்பியிருக்கக்கூடும் என்ற அளவிலேயே கட்டுரை நின்றது. இந்த அடக்கமே அதற்கு வலிமை.

ஆராய்ச்சி அதனோடு முடியவில்லை. கடல்மட்டம் உயருங்கால் உவர்நிலங்கள் பெருகும். அவற்றோடு இந்நுளம்பின் இருப்பிடமும் பெருகலாம் என அவர்கள் எடுத்துக்காட்டினர். உவர்நீருக்குப் பழகிய நுளம்புகளின் மேற்றோல் அமைப்பே மாறியிருப்பதை 2021 இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டிற்று.

ஆய்வு இதழிற் பதிவான உண்மை, ஊரைச் சுற்றும் சுகாதாரப் பரிசோதகரின் கையேட்டிலும் இடம்பெறல் வேண்டும். அவர் கடலோரத்து உவர்க் கிணற்றையும் எட்டிப் பார்க்கும் நாளிலேதான் அக்கட்டுரை தன் பயனை எய்தும்.